வெர்பாவில் இரண்டு கைதட்டல்

ஓரெஸ்ட் பீலிக்கின் குடும்பம் எந்த நொடியில் விரிசல் விட்டது என்று யாராவது கேட்டால் நான் சரியாகச் சொல்லிவிடுவேன். அவருக்கு நேர் பின்னால், தேவாலயக் கூடத்தின் மடக்கு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். மற்ற எல்லாரும் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஐஸ் ஹாக்கியைவிட மனிதர்களின் பிடரிதான் சுவாரசியம். முகம் சமாளித்துக்கொள்ளும்; பிடரிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

எழுபத்திரண்டாம் ஆண்டு செப்டம்பர். ரஷ்யர்கள் மான்ட்ரியலுக்கு வந்து நம் ஆட்களோடு ஆடுகிறார்கள். எட்டு ஆட்டத்திலும் நாம்தான் ஜெயிப்போம் என்று பத்திரிகைக்காரர்கள் அடித்துச் சொல்லியிருந்தார்கள். வின்னிபெக்கிலிருந்து பஸ்ஸில் வரவேண்டிய சின்ன ஊர் எங்கள் வெர்பா; இங்கே அதற்கும் ஒரு படி மேலே போய் விருந்தே சமைத்துவிட்டோம். இந்த ஊரில் பாதிப் பேர், மாஸ்கோவின் ஆட்கள் வருவதற்கு முன்பே உக்ரைனை விட்டுக் கப்பலேறியவர்களின் பிள்ளைகள். மற்றவர்கள், அவர்கள் வந்த பிறகு தப்பி ஓடி வந்தவர்கள். ரஷ்யன் தோற்பதைப் பார்ப்பது எங்களுக்கு ஆட்டம் பார்ப்பது அல்ல, கணக்குத் தீர்ப்பது.

ஏழு நிமிடத்துக்குள் நாம் இரண்டு கோல் போட்டோம். பாதிரியார் இசிடோர் எழுந்து நின்று சிலுவைக்குறி போட்டார். அவ்வளவுதான் எங்கள் சந்தோஷம். அப்புறம் ரஷ்யர்கள் விளையாட ஆரம்பித்தார்கள். ஏழுக்கு மூன்று என்று முடிந்தது. தட்டுகளில், முட்டைக்கோஸ் இலையில் சோற்றைச் சுருட்டிய ஹொலுப்சி ஆறிப்போய்க் கிடந்தது, யாரும் தொடவில்லை.

அந்த ஏழில் ஏதோ ஒரு கோல். ஒருவன் 'பக்' என்கிற வில்லையைப் பின்னால் தள்ளினான், அங்கே ஆள் இருக்கிறானா என்று பார்க்காமலே. அங்கே ஒருவன் இருந்தான். அவன் குறுக்கே தள்ளினான். அங்கேயும் ஒருவன். கடைசி ஆள் வெறுமனே மட்டையைச் சாய்த்தான், அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை தன் வீட்டுக்குப் போவது போல வலைக்குள் போனது. கூடமே துக்க வீடாகக் கிடந்தபோது, ஓரெஸ்ட் கைதட்டினார். இரண்டே தட்டு. பிறகு கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

அவர் பக்கத்தில் அவர் மனைவி ஸ்தெஃபா உட்கார்ந்திருந்தாள். அவள் பிடரி சட்டைக் கழுத்திலிருந்து காதுவரை சிவந்து ஏறியதை நான் பார்த்தேன்.

ஸ்தெஃபாவுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது சோவியத்துக்காரர்கள் அவள் வீட்டுக் கதவை உடைத்து உள்ளே வந்து அப்பாவையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். இருவருக்கும் கல்லறை கிடையாது. போர் முடிந்து அகதியாக வின்னிபெக்கில் வந்து இறங்கியவளை ஓரெஸ்ட் கல்யாணம் செய்து இங்கே கூட்டி வந்தார். அவர் வெர்பாவிலேயே பிறந்தவர். தானியக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர். எங்கள் ஊர் ஹாக்கி அணிக்கு வெகுகாலமாகக் கோச். அவர்கள் மகள் தாரியாவுக்கு நான் ஞானத்தாய். அந்த முறையில் ஸ்தெஃபாவும் நானும் ஒருவரையொருவர் 'குமா' என்றுதான் கூப்பிடுவோம். என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அவர்கள் வீட்டுப் பின்முற்றம். ஜன்னலை அங்கே வைத்தது நான் அல்ல, வீட்டைக் கட்டினவன்.

எங்கள் ஊர் ஆட்டம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பக் கையில் கிடைத்ததும் அதை எதிரியின் மூலைக்குத் தூக்கி அடிப்பார்கள். பிறகு ஓடிப்போய் அங்கே இருப்பவனைச் சுவரோடு சேர்த்து இடித்து, அதையே திரும்பப் பிடுங்குவார்கள். கையில் இருப்பதை வீசியெறிந்துவிட்டு அடிதடி போட்டு வாங்குவதற்கு ஏன் இவ்வளவு சிரமம் என்று என் வீட்டுக்காரர் மைரோனிடம் கேட்டிருக்கிறேன். "அதுதான் ஆம்பளை ஆட்டம்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். பல விஷயங்களுக்கு அவரிடம் அதே பதில்தான்.

அந்த இரண்டு கைதட்டலுக்குப் பிறகு ஓரெஸ்ட் அந்த ஆட்டத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டார்.

அறுவடை முடிந்த வயலில் பையன்களைக் கால்பந்து ஆட விட்டார். தானியக் கிடங்குச் சரிவில், டிராக்டர் டயரை இடுப்பில் கட்டி இழுக்க வைத்தார். உறைந்த தளத்தில் ஸ்கேட் கட்டியதும், ஐந்து பேரும் ஒரே மூச்சாக நகரவேண்டும் என்றார். பக்கை எதிரிக்குக் கொடுக்காதே. வழி இல்லையென்றால் திரும்பிப் பின்னால் வா, இன்னொருவனுக்குக் கொடு, மறுபடி கிளம்பு என்றார்.

பின்னால் வருவதா? ஊர் கொதித்துவிட்டது. அவருடைய கார் ஷெட் கதவில் யாரோ சுண்ணாம்புக்கட்டியால், ரஷ்யனைக் கேலியாகக் கூப்பிடும் 'இவான்' என்ற பெயரை எழுதினார்கள். தபால் நிலையத்தில் நின்றால் "என்ன தோழர், இன்னைக்கு மாஸ்கோலேர்ந்து தபால் உண்டா?" என்று கேட்டார்கள். அவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். இந்த மாதிரி ஆளைக் கிண்டல் செய்வதில் சுகமே இல்லை.

லோர்ன் டெம்கோவுக்குத்தான் ரொம்ப வலித்தது. சரளைக்கல் லாரி ஓட்டுகிறவன், கதவளவு தோள். பழைய ஆட்டத்தில் அவன் வேலை அடிப்பது மட்டும்தான். அதை மனப்பூர்வமாகச் செய்தான். புதிய ஆட்டத்தில் அவனுக்குப் பெஞ்சுதான் வேலை. அவன் அம்மா நெல்லி, தேவாலயத்து நிலவறையில் எல்லாரும் உட்கார்ந்து பிரோஹிக் கொழுக்கட்டைக்கு விளிம்பு கிள்ளும்போது, ஸ்தெஃபாவின் காது கேட்கவே ஆரம்பித்தாள்.

"எங்க லோர்னை உக்கார வெச்சுட்டாரு கோச். அவன் ஸ்டாலின் படத்தை மாட்டிக்கலையாம், அதனால."

"நெல்லி, மாவு காயுது, கிள்ளு" என்றேன்.

"கிள்ளிட்டுத்தான் இருக்கேன். இல்ல, கேக்கறேன். வீட்லயும் அப்படித்தானா ஸ்தெஃபா? சோறு தட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அஞ்சு பேர் கைமாத்தணுமா?"

சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது, மறைக்க மாட்டேன். ஸ்தெஃபா தலையைத் தூக்கவில்லை. அவள் கிள்ளிய பிரோஹிகள் அன்று ஒன்றுகூட வெந்நீரில் வாய் திறக்கவில்லை, அவ்வளவு அழுத்தம்.

இனி சட்டை விஷயம். அணியின் சட்டைகள் முழுவதையும் துவைத்துத் தைத்துக் கொடுப்பது ஸ்தெஃபாதான், ஓரெஸ்ட் கோச் ஆன நாளிலிருந்து. நீலத்தில் மஞ்சள் பட்டை. குளிர்காலத்தில் அவள் பின்முற்றத்துக் கொடியில் தொங்கவிட்டால் கொஞ்ச நேரத்தில் விறைத்து, கையை விரித்தபடி தலையில்லாத ஆட்கள் வரிசையாய் நிற்பது போல இருக்கும். என் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தே போன ஆட்டத்தில் யார் இரத்தம் சிந்தினான் என்று சொல்லிவிடுவேன்.

சீசனின் முதல் ஆட்டம் முடிந்த மறுநாள் கொடி காலியாக இருந்தது. அதற்கடுத்த நாளும். ஒரு கிண்ணம் ஊறுகாய் வெள்ளரியை எடுத்துக்கொண்டு விசாரிக்கப் போனேன். முன்னறையில் பூட்ஸின் கயிற்றை அவிழ்ப்பதற்கு எனக்கு எப்போதும் நேரமாகும், கயிறு அப்படி. உள்ளே சமையலறையில் பேச்சு.

"மூட்டை அங்கயே கிடக்கு, ஸ்தெஃபா. நாத்தம் அடிக்குது."

"அடிக்கட்டும்."

"இது வெறும் விளையாட்டு."

"வெறும் விளையாட்டுன்னா விட்டுடேன். அவனுங்க நடக்கற மாதிரி நடக்கச் சொல்லிக்கொடுக்கறே, அவனுங்க ஓடற மாதிரி ஓடச் சொல்றே. அந்தச் சட்டையை நான் தொடணுமா?"

"நல்லது எங்க இருந்தாலும் நல்லதுதானே. கோதுமை விதை வாங்கறப்ப எந்த நாட்டு விதைன்னா பாக்கறோம்?"

"எங்க அப்பாவை எந்த நாட்டு மண்ணுல போட்டாங்கன்னு நீ கண்டுபிடிச்சுச் சொல்லு. அப்புறம் விதையைப் பத்திப் பேசலாம்."

அவள் கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் நிதானமாகச் சொன்னாள்: "நீ அந்த ஆட்டத்தை நிறுத்தற அன்னைக்கு இந்தச் சட்டையெல்லாம் துவைச்சுத் தரேன். சீசன் முடியற வரைக்கும் நிறுத்தலேன்னா வின்னிபெக் பஸ் ஏறி தாரியாகிட்டப் போயிடுவேன். திரும்ப வரமாட்டேன். கோவத்துல சொல்லல ஓரெஸ்ட், யோசிச்சுச் சொல்றேன்."

நான் வெள்ளரிக் கிண்ணத்தை முன்னறை பெஞ்சிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கும் சில சமயம் நாகரிகம் உண்டு.

அதற்குள் மாஸ்கோவில் நடந்த கடைசி ஆட்டத்தில், ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாதபோது நம்மவர்கள் கோல் போட்டு தொடரையே ஜெயித்திருந்தார்கள். நாடே குடித்துக் கொண்டாடியது. இடையில் ஒரு ஆட்டத்தில், அவர்களிலேயே அழகாக ஆடியவனின் கணுக்காலை நம்மாள் ஒருவன் மட்டையால் வெட்டினான். அதைப் பற்றி வெர்பாவில் யாரும் அதிகம் பேசவில்லை. பேசியவர் ஓரெஸ்ட் ஒருவர்தான். "ஜெயிச்சோம், ஆனா விளையாடினது அவங்க" என்று முடிதிருத்தும் கடையில் சொல்லிவிட்டார். பாதி முடி வெட்டியபடி எழுந்து வரவேண்டியதாயிற்று.

சட்டைகளை அந்தந்தப் பையன் வீட்டிலேயே துவைத்துக்கொள்ளவேண்டும் என்று ஆனது. ஒருவன் சட்டை சுருங்கிற்று, ஒருவன் சட்டையில் பாதி எண் உதிர்ந்தது. நெல்லி தன் மகன் சட்டையைச் சிவப்பு ஃப்ளானல் உள்ளாடைகளோடு சேர்த்துப் போட்டு வெந்நீரில் முக்கியதில் மஞ்சள் பட்டைகள் ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டன. அடுத்த ஊரான மெக்கார்டியில் போய் ஆடியபோது அந்த இங்கிலீஷ்காரர்கள் "கம்யூனிஸ்ட் வந்தாச்சு" என்று லோர்னைப் பார்த்துத்தான் கத்தினார்கள். ஊரிலேயே ரஷ்ய ஆட்டத்தை அதிகம் வெறுத்தவனுக்கு அந்தப் பட்டம்.

ஆனால் பாருங்கள், அணி ஜெயித்தது. முதலில் தடுமாறித் தோற்றது, கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஜெயித்துக்கொண்டே இருந்தது. பக்கோடு பின்னால் திரும்பிய பையனைப் பார்த்து ஊளையிட்ட அதே வாய்கள், பிப்ரவரியில் "பொறு பொறு, வழி பாக்கறான்" என்று பக்கத்து இருக்கைக்கு விளக்கம் சொல்லின. கார் ஷெட் கதவை யாரோ வந்து துடைத்துவிட்டுப் போனார்கள். பாதிரியார் பிரசங்கத்தில் 'ஐவர் ஒருவராய்' என்று ஏதோ சொன்னார். ஜெயிக்கிறவன் ரஷ்யனானாலும் மச்சான்தான். மன்னிக்காதவள் ஒருத்தி மட்டும்தான் மிஞ்சினாள். அதனால் பனிக்காலத்தின் தொடக்கத்தில் ஓரெஸ்ட் தனியாக இருந்தார், முடிவில் ஸ்தெஃபா தனியாக இருந்தாள். பிரோஹி கிள்ளும்போது நெல்லியே சொன்னாள்: "விட்டுடேன் ஸ்தெஃபா, பழசையெல்லாம். பையங்க எவ்வளவு நல்லா ஆடறாங்க." லோர்ன் இப்போது பெஞ்சை விட்டு இறங்கிக் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தான் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஸ்தெஃபா அவளைப் பார்த்து, "எங்க புதைச்சாங்கன்னு சொல்லுங்க, அங்க போய் விட்டுட்டு வரேன்" என்றாள். அதற்குப் பிறகு அந்த மேஜையில் யாரும் ஹாக்கி பேசவில்லை.

மார்ச்சில், தவக்காலத்து ஞாயிறு ஒன்றின் பிற்பகலில் கோப்பைக்கான ஆட்டம், மெக்கார்டிக்கு எதிராக, எங்கள் ஊர்த் தளத்தில். முந்தின நாள் மளிகைக்கடையில் ஸ்தெஃபா திங்கட்கிழமைக்கு வின்னிபெக் பஸ் டிக்கெட் வாங்கினாள். எங்கள் ஊரில் பஸ் டிக்கெட் விற்பதும் ரொட்டி விற்பதும் ஒரே கல்லா; செய்தி அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தளத்தின் பக்கம் தலைகாட்டாதவள் அன்று வந்தாள். கறுப்புக் கோட்டு, கழுத்துவரை பொத்தான். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பு பெஞ்சிலிருந்து ஓரெஸ்ட் நிமிர்ந்து பார்த்தார், அப்படியே கொஞ்சம் நின்றார்.

"எதுக்கு வந்தே குமா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க நான் என்ன கல்லா?

"பார்க்காமலேயே வெறுத்துட்டுப் போனேன்னு இருக்கக் கூடாதில்ல."

முதல் பகுதி, இரண்டாம் பகுதி. எங்கள் பையன்கள் அன்று ஆடியதைப் போல வெர்பாவில் யாரும் ஆடியதில்லை; எனக்கே பிடரிகள் மறந்துபோயின. ஐந்து பேர் ஒரு கையின் விரல்கள் போலப் பிரிந்து சேர்ந்தார்கள். யாரும் யாரையும் தொடக்கூட இல்லை. ஒரு கோலின்போது ஸ்தெஃபாவின் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. "இதானா?" என்றாள், என்னிடம் இல்லை. ஆனால் அவள் முகம் வழக்கம்போல் மூடின கதவாகத்தான் இருந்தது. கீழே பெஞ்சிலிருந்து பார்த்த ஓரெஸ்ட்டுக்கு அந்தக் கதவு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

மெக்கார்டிக்காரர்களும் சும்மா இல்லை. பழைய முறைப்படி இடித்துத் தள்ளி, மூன்றுக்கு மூன்று என்று கொண்டுவந்தார்கள். கடைசிப் பகுதி தொடங்கும் முன் பெஞ்சில் லோர்ன் கோச்சின் காதோரம் குனிந்து என்னவோ சொன்னான். பிறகு அவன் அம்மா மூலம் ஊருக்கே தெரிந்தது: "கோச், ஒரு தடவை பழைய மாதிரி விடுங்க. ஸ்தெஃபாக்காவும் வந்திருக்காங்க." ஓரெஸ்ட் திரும்பி மேலே ஸ்தெஃபாவைப் பார்த்தார். சீசன் அந்தப் பகுதியோடு முடிகிறது. டிக்கெட் அவள் கைப்பையில் இருக்கிறது.

அவர் தலையசைத்தார். "சரி. பழைய மாதிரி" என்றார்.

பழைய மாதிரியே நடந்தது. பக் மூலைக்குப் பறந்தது, பின்னாலேயே தோள்கள் பறந்தன, பலகைச் சுவர் அதிர்ந்தது. கூட்டம் ஒரு குளிர்காலம் பட்டினி கிடந்ததுபோல எழுந்து கத்தியது. கடைசி நிமிடங்களில் மெக்கார்டியின் கீத் ரோவெல் பக்கோடு தனியாக வந்துகொண்டிருந்தான், இருபது வயதுப் பையன், அவர்களில் நன்றாக ஸ்கேட் செய்கிறவன். ரோஜாப் பட்டைச் சட்டை பின்னாலிருந்து எட்டியது. லோர்ன் இரண்டு கையாலும் மட்டையை ஓங்கி அவன் கணுக்காலில் இறக்கினான். சத்தம் நான் உட்கார்ந்திருந்த இடம்வரை கேட்டது. நடுவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். நழுவிய பக் எங்கள் பையன் ஒருவனிடம் போய், அவன் அதை மறுமுனைக்குக் கொண்டுபோய் வலைக்குள் அடித்தான்.

கோப்பை எங்களுக்கு. பெஞ்சுகள் காலியாகித் தளத்தில் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பையன் ஒரு ஓரமாகக் கிடந்தான். கைதட்டாமல் நின்றவர்கள் இருவர்தான்: கீழே ஓரெஸ்ட், என் பக்கத்தில் ஸ்தெஃபா. அவள் எழுந்து, வரிசையில் இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வெளியே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது எங்களில் கிடையாது, அதிலும் தவக்காலத்தில். ஆனால் பொழுது சாயும் நேரம் ஸ்தெஃபா பின்முற்றத்தில் சட்டைகளைக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தாள். உடைமாற்றும் அறையிலிருந்து மூட்டையாகக் கட்டி எடுத்து வந்திருக்கிறாள். வெறுங்கையால், அந்தக் குளிரில். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் உள்ளே போனதும், மீந்த ஹொலுப்சியைத் தட்டில் வைத்து மூடிக்கொண்டு போனேன். பூட்ஸ் கயிறு வழக்கத்தைவிடச் சிக்கலாக இருந்தது.

"துவைச்சுட்டே" என்றார் ஓரெஸ்ட். குரலில் நம்பிக்கை இருந்தது. அதைக் கேட்கத்தான் சங்கடமாக இருந்தது.

"சொன்னேன்ல. நிறுத்தற அன்னைக்குத் துவைப்பேன்னு."

"உனக்காகத்தான் நிறுத்தினேன்."

"அந்தப் பையன் காலும் எனக்காகத்தானா?"

"நான் குச்சியால அடின்னு சொல்லலை."

"எங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போனவனும் அதான் சொன்னான். நான் சொல்லலைம்மா, மேலேர்ந்து வந்த உத்தரவுன்னு." நாற்காலி நகர்ந்தது. "ரெண்டு பீரியட் பார்த்தேன் ஓரெஸ்ட். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துடலாமான்னுகூட நெனைச்சேன். எங்க கதவை உடைச்சவனுங்களுக்கும் அந்த ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? அவனுங்க பந்தைக் கைமாத்திட்டு வரலையே. மூணாவது பீரியட்லதான் அந்தச் சத்தம் கேட்டேன். நம்ம ஊர்ல. எல்லாரும் கைதட்டினாங்க."

"உனக்குப் பிடிச்சிருக்குன்னு நீ ஒரு பார்வை பார்த்திருந்தா..."

"நீ ரெண்டு தட்டு தட்டினதுக்கு ஒரு குளிர்காலம் நான் உன்னை வெறுத்தேன். ஆனா உனக்குன்னு ஒண்ணு இருந்துச்சு, அதுக்காக ஊர்கிட்டப் பேச்சு வாங்கினே. அதை விட்டுட்டு என்னைக் காரணம் காட்டறே. இதோட எப்படி நான் இருக்கறது?"

நான் தட்டை உள்ளே கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள், நான் அங்கே இருந்ததில் இருவருக்குமே ஆச்சரியம் இல்லை.

"சூடு பண்ணிச் சாப்பிடுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

திங்கட்கிழமைக் காலை பஸ்ஸுக்கு நான்தான் அவளோடு நடந்தேன். படியில் ஏறும்போது, "சட்டையை மத்தியானத்துக்குள்ள எடுக்கச் சொல்லு குமா. காத்துல மடங்கினா நூல் விட்டுடும்" என்றாள். அவ்வளவுதான். தாரியாவின் வீட்டில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை போடுவாள், வானிலையைப் பற்றி.

அடுத்த வருடம் ஓரெஸ்ட் கோச்சாக இல்லை. இப்போது தொலைக்காட்சியில் கோட்டு சூட்டு போட்டவர்கள், நம் பையன்கள் ரஷ்யர்களைப் போலப் பக்கைக் கைமாற்றக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று சாக்குக்கட்டியால் கோடு போட்டு விளக்குகிறார்கள். ரஷ்யர்களும் நம்மிடமிருந்து இடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்களாம். ஆளுக்கு ஒன்று கொடுத்து ஒன்று வாங்கியாயிற்று. கீத் ரோவெல் மெக்கார்டியில் அப்பாவின் இரும்புக்கடையைப் பார்த்துக்கொள்கிறான். வெர்பாக்காரர்கள் போனால் ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து ஆணி எடுத்துக்கொடுக்கிறான், இடது காலை இழுத்து ஒவ்வொரு படியாக. நாங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

அந்தத் திங்கட்கிழமை ஸ்தெஃபா சொன்னதைப் போய்ச் சொன்னேன். ஓரெஸ்ட் வெளியே வந்து சட்டைகளைக் கொடியிலிருந்து எடுத்தார். விறைத்த சட்டையை மடிக்க முடியாது. பலகை பலகையாகக் கையிடுக்கில் தூக்கிக்கொண்டு போனார். அணைக்க வந்தவர்கள் மாதிரி அவை கைகளை நீட்டிக்கொண்டு போயின. என் ஜன்னலிலிருந்து அவர்கள் சமையலறை நன்றாகத் தெரியும். ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்தார், நாற்காலிகளில் உட்காரவைத்தார், நடுவில் ஸ்தெஃபாவின் நாற்காலியிலும் ஒன்று. பிறகு தானும் உட்கார்ந்தார். அடுப்புச் சூட்டில் சட்டைகள் இளகத் தொடங்கின. ஒரு தோள் சரிந்தது, ஒரு கை தொங்கியது, ஒவ்வொன்றாக முன்னால் குனிந்து விழுந்தன. ரோஜாப் பட்டைச் சட்டை மட்டும் வெகுநேரம் நிமிர்ந்தே இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் சரிந்த பிறகு நான் திரையை இழுத்துவிட்டேன்.